சாப்பிடாத பிள்ளை

எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன் நான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் ஊரில் ஆலை இருந்தது, நான் ஆலைக்காரனாகவும் இருந்தேன், ஆனால் என் வீட்டுச் சர்க்கரை டப்பா மட்டும் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. என் மகளுக்காக.

நாலு வயசில் அவளுக்கு வலிப்பு வந்தது. விளையாடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று தலை தொங்கும், அப்படியே குப்புற விழுவாள். சில நாள் கை காலை வெட்டி இழுக்கும். தெருவே ஓடி வந்து அவள் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும். யார் வீட்டுச் சாவி எது என்று பிறகு பிரித்துக் கொடுப்பதே எனக்கு ஒரு வேலை. திருச்சி டாக்டர் மாத்திரை மேல் மாத்திரை மாற்றிப் பார்த்தார். மாத்திரை பிள்ளையைத் தூங்க வைத்ததே தவிர வலிப்பைத் தூங்க வைக்கவில்லை. நெற்றிக் காயம் ஆறுவதற்குள் மறுபடி விழுவாள். பாடத் தெரிந்த பாட்டெல்லாம் மறந்துபோனது. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

திருச்சி டாக்டரே எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். 2003 என்று நினைவு. அங்கே ஒரு டாக்டரம்மா, சோறு, இட்லி, பழம், இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டில் பெரும்பங்கு கொழுப்புதான். "உடம்பு மாவுச்சத்த எரிக்காம கொழுப்ப எரிச்சா, சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்குது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. உங்க பொண்ணுக்குப் பார்ப்போம்" என்றார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். "சோறு போடாம புள்ளைய எப்படிங்க வளக்குறது?" என்று கத்திவிட்டேன். "கத்தி முடிச்சிட்டீங்களா? இப்ப உட்காருங்க. வெண்ணெய எப்படி நிறுக்கணும்னு காட்டுறேன்" என்றார் அவர். உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து, சாப்பாட்டை அங்கேயே ஆரம்பித்து, எங்கள் இரண்டு பேருக்கும் சமைக்கச் சொல்லிக்கொடுத்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

முட்டை, வெண்ணெய், தேங்காய் எண்ணெய், துளி கீரை. எல்லாவற்றையும் சின்னத் தராசில் நிறுத்துப் போடவேண்டும். தட்டில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்து ஊட்டிவிட வேண்டும். எங்கள் பக்கம் சமையலுக்குக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் தலைக்கு. "தலையில தேய்க்கிறத வாயில ஊத்துறாங்க" என்று தெருவில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசட்டும் என்று விட்டேன். காலையில் அவள் சிறுநீரில் ஒரு குச்சியை நனைத்துப் பார்ப்போம். அது கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்று அர்த்தம். தினமும் வந்தது. விழுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. ஒரு நாள் மறந்துபோன பாட்டு ஒன்றை அவளாகவே பாடிக்கொண்டிருந்தாள். ஆலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கரும்புக்கொல்லை ஓரமாக நின்று நான் அழுதேன்.

அப்படி நிமிர்ந்த எங்களை ஒரு சொல் கவிழ்த்தது.

யாரைப் பார்த்தாலும் "சாப்டியா?" என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். சாப்பாடு என்றால் சோறு. பத்து இட்லியை முழுங்கியவனும் "டிபன்தான் ஆச்சு, இன்னும் சாப்புடல" என்பான். என் மகளும் இந்த ஊர்ப் பிள்ளைதானே? எதிர்வீட்டில் கரும்பு வெட்டப் போகும் ஒரு அம்மா இருந்தார். பார்க்கும்போதெல்லாம் "சாப்டியா கண்ணு?" என்று அவளைக் கேட்பார். வயிறு நிறைய முட்டையும் வெண்ணெயும் தின்ற பிள்ளை உள்ளதைச் சொல்லும்: "இல்ல, சாப்புடல." மறுநாளும் அதே பதில். அடுத்த வாரமும் அதேதான். ஒரு மத்தியானம் என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மா ரசஞ்சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டார்.

மறுநாள் காலை குச்சி நிறம் மாறவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். கை கால் இழுத்து அடங்கியதும் மகளைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். "எம்புள்ளைய கொல்லப் பாத்தியா?" என்று தெரு அதிரக் கேட்டேன்.

அந்த அம்மா ஓரடி பின்னால் போனார். ஆனால் விடவில்லை. "நான் கொல்லுவனா தம்பி? தெனமும் சாப்புடல சாப்புடலங்குது. பொட்டப்புள்ள, சீக்கு வேற. நீங்கதான் பட்டினி போட்டுக் கொல்றீங்கன்னு நெனச்சேன்."

 அதற்குள் என் மனைவி மகளுக்குக் காலையில் போட்டுவைத்த தட்டோடு வெளியே வந்து, நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினாள். அந்த அம்மா தட்டை உற்றுப் பார்த்தார். "இம்புட்டு வெண்ணையா? ஆத்தாடி, ராசா வூட்டுப் புள்ளகூட இப்புடித் திங்காது" என்றார். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார்: "வெண்ண தின்னியா கண்ணு?" கொஞ்ச நாளில் தெருவே அப்படித்தான் கேட்டது. பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிற விருந்தாளியை வாசலிலேயே மறித்து அனுப்பியவரும் அவர்தான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பழையபடி தொடரச் சொன்னார். கத்தரிப்பூ நிறம் திரும்ப வந்தது. வலிப்பு நின்றது.

இரண்டு வருஷம் போனபின், "இனிமே கொஞ்சம் கொஞ்சமா சோறு குடுத்துப் பார்க்கலாம். வலிப்பு திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. ஒரே ஒரு கரண்டி சோற்றை நிறுத்து வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் விஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள்தான் தட்டை இழுத்துக்கொண்டாள். மென்றாள். "சப்புன்னு இருக்கு" என்றாள்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இனிமே நீங்க கொல்லப்பக்கம் நின்னுக்கிட்டு சாப்புட வேணாம்ல?"

அவள் கண்ணெதிரே எங்களால் சோறு தின்ன முடிந்ததில்லை. அவளை வாசலில் விளையாட அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வோம். குழம்பு வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவோம். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

"மழையில நனைஞ்சுக்கிட்டே தின்னீங்க. வாசல்லேருந்து உள்ள வந்து ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க உள்ள வந்ததும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றாள்.

கொழுப்பு தின்றால் பசி அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பிள்ளை ஒரு நாள்கூடச் சோறு கேட்டு அழாததற்கு அதுதான் காரணம் என்று அந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.