மகள் நெஞ்சில் ஒரு பூனை

என் மகளுக்கு இதயத்தில் இருந்த கோளாறை, அது கோளாறு என்று தெரியும்வரை, ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்.

குழந்தையின் மார்பில் இடப்பக்கம், காறையெலும்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். மடியில் படுத்த பூனை குர்குர் என்பதுபோல் இருக்கும். பார்க்க வருகிறவர்களின் கையைப் பிடித்து நானே அங்கே வைப்பேன். "என்ன சார், உள்ள மோட்டார் ஓடுது?" என்பார்கள். "என் பிள்ளையாச்சே" என்பேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை. நாற்பதை நெருங்கும்போது பிறந்த முதல் பிள்ளை. நிறையப் படித்தவன் என்று வேறு பெயர் இருந்தது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

என் மனைவி சரஸ்வதி வேறு சிலவற்றைக் கவனித்தாள். மகள் வாணி பால் குடிக்கும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். அப்போது நெற்றி வியர்க்கும். வீறிட்டு அழுதால் உதட்டோரம் நாவற்பழம் தின்றதுபோல் நிறம் மாறும். "வெயில்" என்றேன் நான். கெடாவில் எதற்கும் பொருந்தும் காரணம் அது.

ஒருமுறை சளி பிடித்து இறங்காமல் போகவே, அலோர் ஸ்டார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், இந்த இடத்துல கைய வச்சுப் பாருங்களேன்" என்றேன். வைத்தார். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெடுநேரம் கேட்டார்.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் என் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது.

நுரையீரல் வால்வுச் சுருக்கம் (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள கதவு, சரியாகத் திறக்க முடியாமல் ஒட்டிப் பிறப்பது) என்றார்கள். குறுகிய வழியில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போகிறது, அந்த அதிர்வுதான் கைக்குத் தெரிகிறது என்று விளக்கினார்கள். இப்படியே விட்டால் இதயத்தின் வலப்பக்கத் தசை தடித்து, ஒரு நாள் களைத்துப்போகும். அந்தச் சின்ன இதயம் பிறந்தது முதல் ஒரு கதவை முட்டித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே நின்று ஆட்களைக் கூட்டி வேடிக்கை காட்டியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கலாம். நெஞ்சில் அப்படி ஓர் அதிர்வு தெரிந்தால், பால் குடிக்கவே களைத்தால், பக்கத்து வீட்டுக்குக் காட்ட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

கோலாலம்பூருக்குப் போகச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன்னால் புக்கிட் செலம்பாவிலிருந்து என் அக்காவும் அத்தானும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அத்தானுக்கு முன்பு வயிற்றில் ஆப்பரேஷன் நடந்திருக்கிறது. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டாமல் அவர் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. அன்றும் தூக்கினார். "பாரு தம்பி, இங்கேர்ந்து இதுவரைக்கும். இப்ப நான் மூட்டை தூக்கல?" எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போவது என்றால் தழும்பைப் பார்க்கப் போவது. அதன் நீளத்தை வைத்துத்தான் நோய் பெரிதா சிறிதா, டாக்டர் கெட்டிக்காரரா என்று முடிவு செய்வோம். நானும் விலக்கல்ல. பேருந்தில் போகும்போது, மகளின் நெஞ்சில் விழப்போகும் வெட்டை மனத்தால் அளந்துகொண்டே போனேன்.

கோலாலம்பூரில் எங்களைப் பார்த்தவர் ஈப்போக்காரரான ஒரு பெண் மருத்துவர். நெஞ்சைத் திறக்கத் தேவையிருக்காது என்றார். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் (நூல்போல மெல்லிய, வளையும் குழாய்) ஒன்றை இதயம்வரை கொண்டுபோவார்கள். அதன் நுனியில் சுருட்டிய பலூன் இருக்கும். ஒட்டியிருக்கும் வால்வுக்கு நடுவில் அதைக் கொஞ்ச நேரம் உப்ப வைத்தால், ஒட்டு விட்டுப்போகும். பிறகு பலூனைச் சுருக்கி, வந்த வழியே வெளியே எடுத்துவிடுவார்கள்.

"பலூனா?" என்றேன். தைப்பூசத்தில் விற்கும் சிவப்புப் பலூன்தான் கண்முன் வந்தது. அலோர் ஸ்டார் நூலகத்தில் தடித்த மருத்துவக் கலைக்களஞ்சியம் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "நான் படிச்ச புத்தகத்துல நெஞ்சத் திறக்கணும்னுதான் இருந்துச்சு. பலூன் பத்தி ஒரு வரி கூட இல்லையே."

"எந்தக் காலத்துப் புத்தகம் சார்?"

கொஞ்சம் பழசு என்றேன். மாட்டு வண்டியில் நோயாளியைக் கொண்டுபோன காலத்துப் புத்தகம் என்பதுபோல அவர் பார்த்தார். ஆனால் என்னைக் கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னார். இந்தச் சிகிச்சை முறை வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு இங்கே அதிகம் செய்ததில்லை. ரத்தக்குழாய் காயப்படலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். சரிவரவில்லையென்றால் அன்றே நெஞ்சைத் திறக்கவும் வேண்டிவரலாம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் சொன்னேன், "வேணாம் சரசு. இது புதுசு. திறந்தே செஞ்சிடச் சொல்லுவோம். செஞ்சது கண்ணுக்காவது தெரியும்."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "யாரு கண்ணுக்கு?"

நான் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தொடங்கினேன்.

"ஊருக்குக் காட்டவா நான் பிள்ளைய பெத்தேன்? வெட்டாம சரியாகும்னு அந்தம்மா சொல்லுது. முடியலன்னா வெட்டுறேன்னும் சொல்லுது. பொய் சொல்றவங்க ரெண்டாவத சொல்ல மாட்டாங்க. போய் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். என் கையெழுத்தை நானே அடையாளம் காண முடியாதபடி போட்டேன்.

மறுநாள் காலையில் தாதி வந்து வாணியின் இடுப்பிலிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னாள். குழாய் நுழையும் இடத்துக்கு அது இடைஞ்சல். அக்கா கட்டிவிட்ட கயிறு. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று பலமுறை மேடையிலேயே பேசியிருக்கிறேன். அவிழ்த்த கயிற்றைத் தாதி குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனபோது, கை நீட்டி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவனும் நான்தான். சரஸ்வதி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்மேல் காட்டிய பிரியங்களில் அதை முதலாவதாகச் சொல்வேன்.

கதவு மூடியது. காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. இன்று வரைந்து காட்டச் சொன்னாலும் வரைவேன்.

டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "நல்லா திறந்துடுச்சு. அழுத்தம் நல்லா கொறைஞ்சிருக்கு." சரஸ்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஏதோ சொன்னேன். மலாய் மொழியில் சொன்னேனாம்.

வார்டில் வாணி மயக்கம் தெளியாமல் படுத்திருந்தாள். கால் மடங்காதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பழக்கத்தில் அவள் நெஞ்சில் கை வைத்தேன். அமைதியாக இருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது.

"மிஸ்ஸி, கொஞ்சம் வாங்க. உள்ள ஒண்ணும் ஓடல."

தாதி வந்து பார்த்தாள். "ஓடுதுலா. சத்தந்தான் நின்னுபோச்சு. அதுக்குத்தானே இம்புட்டு தூரம் வந்தீங்க?"

கையை எடுக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கைக்குப் பழகியது. டப், டப் என்று, எல்லோருக்கும் இருப்பதுபோல. உண்மையைச் சொன்னால், அந்தப் பூனை போனதில் ஒரு மூலையில் எனக்கு வருத்தமும் இருந்தது.

வீட்டுக்கு வந்த வாரம் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள். "எங்கடா வெட்டு?" தொடை இடுக்கில் இருந்த புள்ளியைக் காட்டினேன். "கொசு கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அத்தான் முதல்முறையாகச் சட்டையைத் தூக்காமலே திரும்பிப் போனார்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வால்வு மறுபடி சுருங்கக்கூடும். வருடாவருடம் காட்ட வேண்டும். பல் பிடுங்குவதென்றால்கூட முன்கூட்டியே மருந்து (கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தொடாமல் இருக்க) கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்டு தொடங்குவது ஜனவரியிலும் இல்லை, தையிலும் இல்லை. டாக்டர் "அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும் அந்த மத்தியானத்தில் தொடங்குகிறது. நடுவில் யாராவது சிரித்தாலும் அழுதாலும் என் கண் முதலில் உதட்டின் நிறத்துக்குத்தான் போகும். பள்ளிக்கூடத்தில் ஊராரின் பிள்ளைகளையும் இப்படியே பார்க்கிறேன். ஐஸ் சாப்பிட்டு உதடு நீலமாக வந்த ஒருவனை வெயிலில் நிறுத்தி விசாரித்திருக்கிறேன்.

போன முறை பரிசோதனைக்குப் போனபோது வாணி மருத்துவமனைப் படிகளில் தாவித் தாவி ஏறினாள். "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அதே டாக்டர்தான். எல்லாம் பார்த்து முடித்ததும் என் சந்தேகங்களை வரிசையாகக் கேட்டேன். ஓடலாமா, நீந்தலாமா, பள்ளி விளையாட்டில் சேர்க்கலாமா, மூச்சு வாங்கினால் என்ன செய்வது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவள ஓட விடுங்க சார். மாடி ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல நின்னது நீங்கதான்."