முருங்கைக்காய் கீறிய பூதம்

இரத்தினவேலரை நிரூபா முதல் நாளிலிருந்தே வெறுத்தாள். ஒளிப்பானேன்? அந்த மனுசன் வெறுக்கத்தக்க ஆள்தான்.

ஒசாக்காவில் காசு போட்டு விளையாடும் பெட்டிகள் செய்து பெருத்த நிறுவனம் கசேமுரா. வீட்டுத் தொலைக்காட்சிக்கும் விளையாட்டுகள் செய்யத் தொடங்கியபின், தொண்ணூற்று மூன்றில் கனடாவில், டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் ஒரு கிளை திறந்தது. அங்கே தமிழர் இருவர்தான். இரத்தினவேலர் மேலாளர், நிரூபா படம் கீறுகிறவள். டொராண்டோவின் பார்க்டேல் பகுதியில் அகதியாக வந்திறங்கி, ஓவியம் படித்து, கணினித் திரையில் புள்ளி புள்ளியாக உருவங்களை எழுப்பப் பழகியவள். அவரோ பின்னால் வந்து நின்று, "பிள்ளை, உது கார்ட்டூன்தானே, ஏன் இவ்வளவு மினக்கெடுறீர்?" என்பார். பிறகு ஒசாக்காவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாம் தன் உழைப்பென்று அளப்பார். வயிறு எரியாதா?

கசேமுராவில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டு முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களில் ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். இல்லாவிட்டால் போட்டிக் கம்பெனிகள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமாம்! நிரூபா 'முருங்கைக்காய்' என்று வைத்துக்கொண்டாள். இரத்தினவேலர், "நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்று ஒன்றும் வைக்கவில்லை.

தொண்ணூற்றேழில் கசேமுரா மண்ணைக் கவ்வியது. முப்பரிமாண விளையாட்டுகள் வந்து புள்ளிப் படங்களைத் தூக்கியெறிந்துவிட்டன. ஒசாக்காவிலும் பூட்டு, விசாரிக்க ஆளில்லை. டொராண்டோவில் வேறொரு கம்பெனி படப் பிரிவுக்குத் தலைமை ஆள் தேடியது. கசேமுராவின் கடைசி விளையாட்டைக் கீறிய முருங்கைக்காய் தான்தான் என்று காட்டினால் நிரூபாவுக்கு அந்த வேலை. காட்டாவிட்டால் வந்த புதிதில் செய்ததுபோல் உணவகத்தில் கோப்பை கழுவப் போகவேண்டியதுதான்.

நேர்முகத்துக்குப் போனால், அங்கே கதிரையில் சப்பாணி கட்டாத குறையாக இரத்தினவேலர்!

"முருங்கைக்காய் தான்தான் என்கிறாரே இவர்?" என்றாள் அந்தக் கம்பெனியின் வெள்ளைக்காரி.

"எங்கள் ஊர்க் காய், நான் வைத்த பெயர்" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, அவர் நிரூபாவிடம் தமிழுக்கு மாறினார். "குழப்பாதையும் பிள்ளை. நான் உள்ள வந்தா உமக்கும் ஒரு சின்ன வேலை எடுத்துத் தாறன்."

அட, வெட்கங்கெட்ட மனுசா! ஆனாலும் நிரூபா குரலைப் பணிவாக்கிக்கொண்டாள்.

"எல்லாப் படமும் நீங்களே கீறினதோ அண்ணை?"

"ஓம், ஒண்டு விடாமல்."

"அதை இவவுக்கும் சொல்லுங்கோ."

சொன்னார், நெஞ்சை நிமிர்த்தி. நான்கு வருடம் மேலாளராக இருந்தும் அந்த விளையாட்டை ஒருநாளாவது விளையாடிப் பார்க்காத மனுசன்!

நிரூபா அங்கிருந்த விளையாட்டுப் பெட்டியில் அந்த விளையாட்டைப் போட்டு, ஏழாம் கட்டம்வரை விறுவிறென்று விளையாடினாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு பூதம் எழும்பியது. வழுக்கையை மூட ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு இழுத்து வாரிய மயிர், தங்க ஃப்ரேம் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, முன்னே தள்ளிய தொந்தி. பக்கத்தில் இருந்தவனின் சாப்பாட்டுத் தட்டைப் பறித்து வழித்துத் தின்றுவிட்டுப் பெரிதாக ஏப்பம் விட்டது.

வெள்ளைக்காரி திரையைப் பார்த்தாள். இரத்தினவேலரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றாள் நிரூபா, "உங்களை ஏன் நீங்களே இப்பிடிக் கீறினனீங்கள்?"

இரத்தினவேலரின் கை தன்னையறியாமல் மேலே போய், மயிரை வழுக்கைக்குக் குறுக்காக இழுத்துவிட்டது.