அப்பா சட்டை வாசம்

என் மகள் எஸ்தர் பிளஸ் ஒன் படிக்கும்போது தின்னர் மோந்து அதற்கு அடிமையானாள். பிரியமானவர்களே, பெற்ற தகப்பனுக்கு இதைச் சொல்ல வாய் கூசுகிறது. மறைத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை கெட்டுப்போகும், அதனால்தான் சொல்கிறேன்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டியவன். காலண்டர் சீசனில் கையில் ஏறும் மை சோப்புக்கெல்லாம் போகாது. அதற்காகக் கம்பெனியிலிருந்து ஒரு பாட்டிலில் மை கரைக்கும் தின்னர் கொண்டுவந்து குளியலறையில் வைத்திருப்பேன். பிள்ளை அதைத்தான் எடுத்திருக்கிறாள். அவள் சுடிதாரில் வாசம் வந்தபோதெல்லாம் என் மனைவி, "உங்க சட்டையோட சேத்துத் துவைச்சேன்ல, அந்த வாசந்தான்" என்று சொல்லிவிடுவாள். எனக்கோ மிஷினோடு கிடந்து கிடந்து மூக்கே செத்துப்போயிருந்தது.

சண்டேஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு எப்போதும் முதல் பரிசு வாங்கியவள் எஸ்தர். கார்த்திகையில் ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால் சொல்ல வந்தவள் பாதி வசனத்தில் நின்றுவிட்டாள். வாய் குழறியது. அப்படியே சரிந்தாள். ஐயோ, என் தங்கம்! சிலர் பேய் என்றார்கள். நானும் நம்பி, எண்ணெய் பூசி ஜெபிக்க வைத்தேன். மறுவாரம் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினோம். பக்கத்தில் என் தின்னர் பாட்டில் கிடந்தது.

மதுரை ரோட்டில் ஒரு போதை மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிப்போனோம். "இங்கன ஆம்பளைகளத்தான் சேக்குறோம். பொம்பளப் பிள்ளைய எங்கிட்டு வைக்க?" என்றார்கள். இன்னொரு இடத்தில் வயசு பத்தாது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எஸ்தர் கேட்டாள், "என்னையச் சேக்க ஒரு எடமும் இல்லையாப்பா?"

பஸ் என்றும் பாராமல் அழுதேன். ஆண்டவரே, ஒரு கதவைத் திறந்துவிடும். அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அந்த வாரம் உபவாச ஜெபத்தில் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபம் முடிந்ததும், எங்கள் சபையில் நர்ஸாக இருக்கும் ரூபி வந்தாள்.

"அண்ணே, பேயுமில்ல பிசாசுமில்ல. இது சீக்கு. பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. அங்கன சின்னப் பிள்ளைகளையும் பாப்பாக. நாளைக்கு நானே கூட வாரேன். ஜெபத்தையும் விட்றாதீக, மருந்தையும் விட்றாதீக."

நான் கேட்ட கதவு அதுதான். ஸ்தோத்திரம்!

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். பேசப் பேசத்தான் எஸ்தர் வாய் திறந்தாள். "பரீட்சைய நினைச்சாலே பயமா இருக்கும்ப்பா. அத மோந்தா ஒன்னும் நினைப்பு வராது" என்றாள். ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பயம் எனக்குத் தெரியவில்லையே!

வீட்டுக்கு வந்த பிறகும் ஒருமுறை சறுக்கினாள். ஆனால் அவளாகவே வந்து, "அப்பா, தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நான் மிஷினை விட்டு, தின்னர் தேவைப்படாத பைண்டிங் வேலைக்கு மாறிவிட்டேன். பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்பு போனது. வசனம் சொன்னால் இப்போதும் பாதியில் நிற்கிறாள். அதைக் கேட்கும்போது அழுகையை அடக்க முடிவதில்லை. ஆனாலும் பிள்ளை உயிரோடு என் முன்னால் நிற்கிறாளே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மூடி வைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், அவர் அனுப்புகிற ஆளிடமும் சொல்லுங்கள்.

வேலை விட்டு வந்ததும் எஸ்தரைக் கட்டிக்கொள்வேன். அவள்மேல் வாசம் வருகிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு மூக்கு இல்லை. "இன்னைக்கு நல்லாருக்கியா தாயி?" என்று கேட்பேன். "இருக்கேன்ப்பா" என்பாள். நம்புகிறேன். கண்ணால் காணாத கர்த்தரையே நம்புகிறவன், என் பிள்ளையை நம்ப மாட்டேனா?