அக்காவுக்கு எத்தனை மொழி தெரியும்

மகப்பேறு வார்டில் என் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். குமிழைத் திருப்பினால் வேறு வேறு மொழியில் பேசும் என்று ஒரு நர்ஸ் கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்காவின் வேலை தரை துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ரத்தம் படிந்த துணிகளை வாளியில் ஊறப்போடுவது. இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தாள். போன மாதம் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியவில்லை. ரேடியோ வீடு எது என்று தெருமுனையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவளுக்கு மொழிகள் வந்ததற்கு ஒருவகையில் நான்தான் காரணம். செங்கல் சூளைக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். அதில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அம்மா கல் அறுக்கப் போவாள். மற்ற அறைகளுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள், போவார்கள். நான் பிறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். ஒரு அறையில் எனக்குத் தொட்டில் கட்டித் தருவார்கள், இன்னொரு அறையில் பால் கொடுப்பார்கள். அவள் அங்கே உட்கார்ந்து அவர்களுடைய சண்டையையும் கெஞ்சலையும் வசவையும் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் நடக்கப் பழகுவதற்குள் அவள் தமிழோடு சேர்த்து நாலு மொழியில் சண்டை போடுவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போன பிறகு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன.

அந்த மொழிகளுக்கு அவளிடம் பெயர் கிடையாது. சூளைக்காரங்க பேச்சு, படகுக்காரங்க பேச்சு, தையல்காரம்மா பேச்சு, இப்படித்தான் சொல்வாள்.

ஒரு பெண் இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். கடையில் இந்த ஊர் மொழியிலேயே பேரம் பேசுவாள். பிரசவ வலி முற்றினால் அதெல்லாம் மறந்துவிடும். டாக்டர் சொல்வது காதில் விழும், உள்ளே இறங்காது. அப்போது ரேடியோவைக் கூப்பிடு என்று நர்ஸ் தாழ்வாரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அக்கா துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நின்று காதோடு பேசுவாள். அந்தப் பெண் மூச்சு விடத் தொடங்குவாள். அப்படி என்ன சொன்னாய் என்று ஒருமுறை டாக்டர் கேட்டாராம். புருஷனை வாய் ஓயாமல் திட்டச் சொன்னேன், திட்டினால் மூச்சு தானாக வந்துவிடும் என்றாளாம்.

இதெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கல்லூரி முடித்து ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதானபோது முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. குனிந்து துடைக்கவே கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். துடைக்காவிட்டால் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மொழி உதவியாளர், ஒரு இடம், நிரந்தரம். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் பேசுவதுதான் வேலை. மேஜை உண்டு, நாற்காலி உண்டு. தலைமை நர்ஸே அக்காவைக் கூப்பிட்டு, உனக்கென்றே போட்டது போல இருக்கிறது, போடு என்று சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பத்தைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பேர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். பிறகு மொழிகளுக்கான கட்டம் வந்தது. மொழியின் பெயர், படிக்க, எழுத, பேச, ஒவ்வொன்றுக்கும் நன்றாக, ஓரளவு, சிறிது என்று மூன்று பெட்டிகள்.

"சூளைக்காரங்க பேச்சுக்குப் பேர் என்னக்கா?"

"பேரா? அவங்க நம்ம பேச்சுன்னுதான்டா சொல்லுவாங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"அப்ப நீயே ஒரு பேர் வையி. டிகிரி வாங்கினவன்தானே."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரித்துக் கண்டுபிடித்திருக்கலாம், அதற்கு ஒரு நாள் போதும். பெயர் தெரிந்த மூன்றை மட்டும் எழுதினேன். படிக்க, எழுத என்ற இடங்களில் கோடு போட்டேன். பேச என்ற இடத்துக்கு வந்ததும், எந்த அளவுக்குப் பேசுவாய் என்று கேட்டேன்.

"ஏதோ சமாளிப்பேன்," என்றாள்.

நான் சிறிது என்ற பெட்டியில் டிக் போட்டேன். மூன்றுக்கும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடத்தில் எனக்கு நானே பல பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாக என்று போட்டால் யாராவது சோதித்து அவளை அவமானப்படுத்திவிடுவார்கள் என்று பயந்தேன் என்பது ஒன்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதி உண்மை வேறு. எழுத்துக்கூட்டி, இலக்கணம் படித்து, பரீட்சை எழுதிக் கற்றால்தான் ஒரு மொழி தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது ஆங்கிலத்துக்கு மூன்று இடத்திலும் நன்றாக என்று போட்டவன் நான். அந்த மொழியில் அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரிடமும் கேட்டதில்லை.

நேர்காணலுக்கு அழைத்தவர்கள் பட்டியலில் அவள் இல்லை. படித்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் அக்கா என்று சொன்னேன். அது சரிதான் என்றாள். அடுத்த நாள் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். நல்லவர், மரியாதை தெரிந்தவர். மூன்று மொழிகளில் பட்டயம் வாங்கியிருந்தார். சூளைப் பெண்கள் அவர் பேசுவதைச் செய்தி வாசிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவர் தாழ்வாரத்துக்கு வந்து, அக்கா ஒரு நிமிஷம் என்பார். அக்கா போய்ப் பேசிவிட்டு வந்து மறுபடி துடைப்பாள். இப்படி ஏழு மாதம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி அலுவலகத்து கிளார்க் அவளை நிறுத்திப் பேசியிருக்கிறார். அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்த அன்று அக்காதான் உடனிருந்தாள். ஆதங்கத்தில் சொல்லிவிட்டார். அந்த வேலைக்குப் படிக்கத் தெரியுமா எழுதத் தெரியுமா என்று யாருமே பார்க்கவில்லை. பேச என்ற இடத்தில் இரண்டு மொழிக்காவது ஓரளவு என்று இருந்தால் கூப்பிட்டு, எதிரில் ஒரு நோயாளியை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். அவ்வளவுதான் தேர்வு. நீங்கள் ஏன் சிறிது என்று போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அக்கா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன் எப்போதும்போலவே எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை சூளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குழந்தை பிறந்து சரியாக மூச்சு விடவில்லை. மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பட்டயக்கார இளைஞர் வந்து அவளிடம், குழந்தை கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளது என்ற பாணியில் ஏதோ சொன்னார். குழந்தை இங்கே இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அவர் ஓடிவந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"எனக்கு சிறிதுதான் தெரியும் தம்பி. கூடப்பிறந்தவன் எழுதிக் கொடுத்திருக்கான், காலேஜ் படிச்சவன். ஆபீஸ்ல போய்ப் பாருங்க," என்றிருக்கிறாள்.

துடைப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண் மூன்று மணி நேரம் அழுதாள். பால் கட்டிக்கொள்கிறதே யாருக்குக் கொடுப்பேன் என்றாள். மகன் என்று சொல்லியனுப்பிவிட்டேனே, இனி என்ன சொல்லியனுப்புவேன் என்றாள். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அங்கே அது ஒருத்திக்குத்தான் புரிந்தது.

கடைசியில் அக்கா துடைப்பானைப் போட்டுவிட்டு அவளிடம் போனாள். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி, அவளைத் தாங்கிப் பிடித்து, தேய்ந்த முட்டியோடு மாடி ஏற்றிக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள். திரும்பி அக்காவை ஓங்கி அறைந்தாள். நம்ம பேச்சு தெரிஞ்சும் இவ்வளவு நேரம் பக்கத்திலேயே தரை துடைச்சிக்கிட்டு இருந்தியா என்று கேட்டாளாம்.

அன்று சாயங்காலம் அக்கா இவ்வளவையும் என்னிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கன்னத்தில் விரல் தடம் இருந்தது. உன்னைக் கேட்டுத்தானே போட்டேன் என்றேன். நான் சொன்னதிலேயே அதுதான் மிக மோசம்.

"கேட்டே. ஏதோ சமாளிப்பேன்னு சொன்னேன். பின்னே என்னடா சொல்லுவாங்க? எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னா?"

"தப்புதான் அக்கா."

"நான் சொன்னதைக் கேட்டே. நான் பேசி ஒரு நாளாவது கேட்டிருக்கியா? பத்தொன்பது வருஷமா அங்கே இருக்கேன். ஒரு தடவை வந்து நின்னு பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருக்கிறேன், மழைநாளில் குடை கொண்டுபோய்க் கொடுக்க. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். துடைப்பானோடு அவளைப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது பேசு அக்கா, நான் கேட்கிறேன் என்றேன். சூளைக்காரர்கள் பேச்சில் ஏதாவது சொல்லு என்றேன்.

"உன்கிட்டயா? உனக்குப் புரியாதேடா," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யார் கூப்பிட்டும் மறுத்ததில்லை. அந்த இளைஞர் கூப்பிட்டபோதெல்லாம் போனாள், பேசினாள், திரும்பி வந்து துடைத்தாள். முட்டி முற்றிலும் மடங்காமல் போகும்வரை, இன்னும் ஏழு வருடம். பிறகு வீட்டில் நாலு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மாத்திரை போட்டாயா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கதவைச் சாத்தினாயா. எல்லாம் தமிழில்தான். மற்ற ஐந்தில் ஒன்றைக்கூட அவள் வாயால் நான் கேட்கவில்லை.