ஓசையற்றவனுக்காக நடந்தவர்

மனிதர்களில் பெரும்பாலோர் தங்கள் காலால் தாங்களே நடந்துகொள்கிறார்கள். திரையில் வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. படப்பிடிப்பில் மைக் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். காலை யாரும் சீண்டுவதில்லை. பிற்பாடு ஒரு மூடிய அறையில், ஓடுகிற படத்தைப் பார்த்தபடி, இன்னொருவர் அவர்களுக்காக நடந்து கொடுக்க வேண்டும். அப்படி இருபத்தாறு வருடமாக ஊரார் நடையையெல்லாம் தன் காலில் சுமந்தவர் நம்முடைய காலடிக்காரர்.

அவர் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் முதலில் போனது ஒயர் சுற்றத்தான். அப்போதிருந்த எஃபெக்ட்ஸ் ஆள், கொள்ளைக்காரன் ஒருவனுக்காக முக்காலியிலிருந்து குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். படம் பாதியில் நின்றது. தயாரிப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உனக்குக் கால் இருக்கா?" என்றார்.

"ரெண்டு இருக்கு சார்."

நேர்காணல் அவ்வளவுதான். அன்று முதல் போலீஸ்காரர், மணப்பெண், குதிரை, பேய் என்று அவர் நடக்காத நடை இல்லை. பேய்க்கு நடப்பதில் ஒரு சௌகரியம்: தப்புக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. வீட்டுப் பரணில் நாற்பத்தொரு ஜோடி செருப்பும் ஷூவும் இருந்தன; அதில் பதினாறு ஜோடி பெண்களுக்கானவை. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சண்டைக் காட்சியில் மண்டை உடைவதற்கு முட்டைக்கோஸ்தான் அடி வாங்கும். வாங்கிய அடியோடு அது சாயங்காலம் சமையலறைக்கு வந்து சேரும். சாப்பாட்டைத் தட்டில் போட்டதும், கல்லூரிக்குப் போகும் மகள் கேட்பாள், "இன்னிக்கு இது யார் தலை, அப்பா?"

இந்தத் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் செய்ததே தெரியாது. நடிகர் நடக்கிறார், நடக்கிற சத்தம் கேட்கிறது, இதில் பாராட்ட என்ன இருக்கிறது? அவர் பெயர் திரையில் வருவதற்குள் ஜனங்கள் ரிமோட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் அந்த இருட்டறையில், திரையில் விழும் காலும் தன் காலும் ஒரே நொடியில் தரையைத் தொடும்போது, உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் கச்சிதமாக விழுந்ததுபோல அவருக்கு இருக்கும். அந்தச் சுகத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள்.

டாக்டருக்கு முன்பே மச்சான் முந்திக்கொண்டார். மனைவியின் அண்ணன். குளியலறைச் சாமான் கடை வைத்து, மூன்று மாடிக்கு வளர்த்து, குழாயைத் திருகிக் காட்டியே பெரிய மனிதரானவர். ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்கு வந்து, டீப்பாய்மேல் காலைப் போட்டுக்கொண்டு, குடும்ப நிலவரத்தை ஆராய்வார்.

"மாப்ள, வயசு அம்பது தாண்டியாச்சு. இன்னும் எவனுக்கோ நடந்துகிட்டு இருக்கீங்க. கடைக்கு வந்து ஜம்முனு ஒக்காருங்க. நடக்கவே வேண்டாம்."

"எனக்குக் குழாயப் பத்தி என்ன தெரியும் மச்சான்?"

"சத்தம் தெரியும்ல? தண்ணி கொட்டற சத்தம் கேட்டுட்டே இருக்கலாம்."

அந்தச் சமயத்தில்தான் 'ஓசையற்றவன்' வந்தது. சூப்பர் ஹீரோ, அதே சமயம் உளவாளி, பத்து எபிசோட், ஊரெல்லாம் சுவரொட்டி. இதற்கு எஃபெக்ட்ஸ் நம்மவர்தான் என்று மகள் சந்தோஷமாகச் சொல்லப்போக, மச்சான் காலைக்கூட இறக்காமல் ஒரு பந்தயத்தை முன்வைத்தார். முதல் எபிசோடை எல்லோரும் இங்கே சேர்ந்து பார்ப்பது. மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. இந்த வீட்டில் யாராவது ஒருவர், தானாகவே, அவர் போட்ட ஒரு சத்தத்தைக் கவனித்துச் சொல்லிவிட்டால், கடைப் பேச்சை இனி எடுப்பதில்லை. இல்லாவிட்டால் அடுத்த முதல் தேதியிலிருந்து மாப்பிள்ளைக்குக் கடையில் நாற்காலி.

நடுவராக மாமனார் நியமிக்கப்பட்டார். சத்தம் பற்றிய வழக்கில் காதில் மிஷின் வைத்தவர் நீதிபதியாக இருப்பது முறையா என்று யாரும் கேட்கவில்லை. காலடிக்காரர் ஒத்துக்கொண்டார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சபலம்: இருபத்தாறு வருடத்தில் ஒருவராவது கேட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் கதையைச் சொன்னார்கள். நாயகனின் அபூர்வ சக்தியே அவன் நடந்தால் சத்தம் வராது என்பதுதான். குல்லாய் போட்ட இளம் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார்: "சார், சத்தமே வரக்கூடாது. ஆனா வரலைங்கறது நல்லாக் கேக்கணும்."

காலடிக்காரர் இதையும் பக்தியோடு ஏற்றுக்கொண்டார். காலுறை போட்டு நடந்தார். கம்பளியில் நடந்தார். பஞ்சு மூட்டையில் நடந்து இரண்டு முறை விழுந்தார். நான்கு நாள் பாடுபட்டுப் பதினேழு வகை மௌனங்களைப் பதிவுசெய்தார். பன்னிரண்டாவது மௌனத்தைக் கேட்டு இயக்குநர் கண் கலங்கினார்.

வில்லியின் நடைதான் இழுத்தடித்தது. முகம் காட்டாத தலைவி. கறுப்புச் செருப்பு மட்டும் திரையில் தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பில் நடந்தார். "எல்லாரும் பண்றது சார்" என்றார் இயக்குநர். பூட்ஸில் நடந்தார், "ராணுவம் மாதிரி இருக்கு சார்." மூன்றாம் நாள் மாலை, அலுத்துப்போய், ஒரு தட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு, எதையும் யோசிக்காமல் சும்மா நடந்தார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இத எங்கருந்து புடிச்சீங்க சார்?"

"பல வருஷ அனுபவம் தம்பி" என்றார் காலடிக்காரர், அடக்கமாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எபிசோட். மாமனாருக்குச் சாய்வு நாற்காலி. மச்சானுக்கு வழக்கமான சோபா, காலுக்கு வழக்கமான டீப்பாய். மகள் தரையில் போனோடு. மனைவி துவைத்த துணி மலையை மடியில் போட்டுக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள். காலடிக்காரர் வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

முதல் ஐந்து நிமிடத்தில் நாயகன் மேல் மின்னல் விழுந்து சக்தி வந்தது. அதோடு மின்னலும் தீர்ந்தது, வேகமும் தீர்ந்தது. பிறகு ஒரு கூட்ட அறை. நீள மேசை. அதிகாரி ஒருவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். விளக்கியதை இன்னொருவர் மறுபடி விளக்கினார். நாயகன் தண்ணீர் குடித்தான்.

"பறப்பானா?" என்றார் மாமனார்.

"இல்ல தாத்தா, இவன் உளவாளி."

"உளவாளி பறக்கக்கூடாதுன்னு எதாவது இருக்கா?"

"போன்ல ரெண்டு வார்த்தைல சொல்ல வேண்டியத அரை மணி நேரமா பேசறானுங்க" என்று மச்சான் கொட்டாவி விட்டார். "மாப்ள, உங்க ஆளு எந்திரிச்சு நடப்பானா மாட்டானா?"

காலடிக்காரர் விதிப்படி பேசவில்லை. கூட்டம் முப்பத்தொரு நிமிடம் ஓடியது. மாமனார் காதிலிருந்து மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரையிலிருந்தவர்களுக்கும் அந்த வசதி இருந்திருந்தால் செய்திருப்பார்கள்.

நாற்பதாவது நிமிடம். நாயகன் எழுந்தான். நீண்ட நடைபாதை, தூங்கும் காவலாளிகள், அந்தப் பக்கம் ரகசியக் கோப்பு. காலடிக்காரர் உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது மௌனம் வரப்போகிறது. நாயகன் காலைத் தூக்கினான், வைத்தான்.

அறுபது வாத்தியங்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. முரசு, ஊதல், பின்னால் ஒரு ஐம்பது பேர் "ஓ" என்று கத்தும் கூட்டிசை. நான்கு நாள் மௌனத்தின் மேல் இசையமைப்பாளர் லாரி நிறைய ஜல்லியைக் கொட்டியிருந்தார்.

"இந்த இரைச்சல்ல எந்திரிக்காத காவக்காரன மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்" என்றார் மச்சான். பிறகு ஓரக்கண்ணால் பார்த்து, குரலைத் தணித்து, "கடைல நாற்காலி சுத்தறதுதான் மாப்ள. முதுகுக்கு நல்லது."

காலடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனதுக்குள் குழாய்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கிவிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்துச் சாவியை யாரிடம் கொடுப்பது, செருப்பையெல்லாம் யாருக்குக் கொடுப்பது, அந்தத் தாழ்ப்பாள் விழும் சுகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நாற்பத்தொன்பதாவது நிமிடம் திரை இருண்டது. இசைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது, ஒரு பொட்டுச் சத்தமில்லை. தூரத்தில் இரண்டு கறுப்புச் செருப்புகள் தெரிந்தன.

சப். சர்க். சப். சர்க்.

வலது கால் திடமாக விழுந்தது. இடது கால் சற்றே இழுத்துக்கொண்டு வந்தது. அவசரமே இல்லை. கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றது.

அந்த வீட்டுக் கூடத்தில் அப்போது நடந்தவற்றை வரிசைப்படி பதிவுசெய்ய வேண்டியது நம் கடமை. மச்சானின் கால் இரண்டும் டீப்பாயிலிருந்து சரேலென்று இறங்கின. மகள் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். மாமனாரின் கை, டாக்டர் கூடாதென்று சொன்ன மிட்டாய் டப்பாவை நாற்காலிக்குப் பின்னால் நகர்த்தியது. காலடிக்காரரே தன்னையறியாமல் குனிந்து, பக்கத்துக் கட்டில்மேல் போட்டிருந்த ஈரத்துண்டைப் பறித்து எடுத்துக்கொண்டார். நால்வரும் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

மனைவி இவர்களுக்கு நடுவில்தான், பாதி மடித்த தலையணை உறையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க," என்றாள். "அது நான்!"

கையிலிருந்த உறையால் திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"என் நடைங்க அது! இப்படியா நடக்கறேன் நான்? ஆளக் கொல்லப் போறவ மாதிரி?"

காலடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தான் கண்டுபிடித்ததாக நினைத்தது, கண்டுபிடிப்பே அல்ல. மூளை கைவிட்ட இடத்தில் கால் தனக்குத் தெரிந்த பெரிய பயத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. கையிலிருந்த ஈரத்துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"செல்லாது!" என்று மச்சான் எழுந்தார். "பொண்டாட்டி சொல்றதெல்லாம் கணக்குல வராது."

"அத்தனை பேருல அம்மாதான் முதல்ல சொன்னாங்க. அது இருக்கட்டும், உங்க கால் ஏன் மாமா கீழ இருக்கு?" என்றாள் மகள்.

மச்சான் தன் காலைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது... மரத்துப்போச்சு. அதான் எறக்கினேன்."

மாமனார் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையிலிருந்து மிஷினை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இதக் கழட்டி கால் மணி நேரமாச்சு. அப்பவும் எனக்குக் கேட்டுச்சு. மாப்பிள்ளை ஜெயிச்சாச்சு. போடா, ஒக்காரு."

தீர்ப்பு மனைவியின் காதில் விழவே இல்லை. அவள் துணியை ஒதுக்கிவிட்டு, ரிமோட்டை வாங்கி, அந்த இடத்தை மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டாள். முதல் முறை கோபம். இரண்டாவது முறை தலையை ஒருபக்கம் சாய்த்தாள். மூன்றாவது முறை அவள் முகத்தில் வந்தது பெருமைதான், சந்தேகமே இல்லை.

"கதவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறேன் பாருங்க. அங்கதான் விஷயமே இருக்கு," என்றாள். "அம்பத்திரண்டு நிமிஷத்துல உருப்படியா ஒரு வேலை பண்ணது நான் ஒருத்திதான். அந்தக் கூட்டம் போட்டவனுங்கள்லாம் எதுக்கு?"

பிறகு கணவனைப் பார்த்து, "இதுக்குத்தான் தினமும் செருப்புப் பையத் தூக்கிட்டுப் போறீங்களா?" என்றாள். குரல் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தது. அவர் தலையாட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது; அதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குப் பழக்கமில்லை.

மச்சான் டீயை முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்ள. அந்தத் தலைவிக்கு அடியாளுங்க யாராவது உண்டா?"

"எட்டுப் பேர் மச்சான். அடுத்த எபிசோட்ல வர்றாங்க."

"எட்டுப் பேருக்கும் நடைய முடிவு பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல."

"சும்மா கேட்டேன்," என்றார் மச்சான். இரண்டு நிமிடம் கழித்து, "இல்ல, எனக்கும் ஒரு மாதிரியான நடைதான்னு கடைல சொல்வாங்க," என்றார்.

சோபா ஒதுக்கப்பட்டது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மச்சான் நடந்து காட்டினார். முதல் தடவை நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் போவதுபோல. இரண்டாம் தடவை, கால் இரண்டையும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கி மாட்டியதுபோல. மூன்றாம் தடவை வலது கையும் வலது காலும் சேர்ந்தே போயின. மகள் சிரித்துச் சிரித்துத் துணி மலைமேல் சாய்ந்தாள்.

"எப்பவும் போல நட அண்ணா!" என்றாள் மனைவி.

"எப்பவும் போலத்தானே நடக்கறேன்!"

"எப்பவும் இப்படி நடந்தா உன்ன யாரு கடைக்குள்ள விடுவா?" என்றார் மாமனார், மிஷினை மறுபடி மாட்டிக்கொண்டு. "நானே நடக்கறேன் நகரு. எட்டுப் பேருல ஒருத்தன் வயசானவனா இருக்கக்கூடாதா?"

மாமனாரும் நடந்தார். மகள் நடந்தாள். யாருக்கும் நடக்க வரவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதனுக்குக் கால் மறந்துவிடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். காலடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, "ம்ஹூம்... ம்ஹூம்..." என்று தலையசைத்துக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு கண்டிப்பாக இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மனைவிக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

ஒன்பதாவது தடவையோடு மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போங்கய்யா நீங்களும் உங்க அடியாளும்! ஒருத்தன் நடந்தா அதுல ஆயிரம் நொட்டை!" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார்.

தொம். தொம். தொம். நடுவில் ஒரு சின்னச் சறுக்கல். மறுபடி தொம். பெரிய பீரோ ஒன்று மனம் நொந்து வீட்டைவிட்டு வெளியேறுவதுபோல.

காலடிக்காரரின் கை தானாக மேலே எழுந்தது. கண் திறக்கவில்லை. மறு கையால் மகளின் போனைத் தேடி எடுத்து, பதிவு செய்யும் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்தார்.

"யாரும் பேசாதீங்க," என்று கிசுகிசுத்தார். "அவர் திரும்பி வரட்டும்."