சம்பந்தி போட்ட ச

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர் எண்ணிக்கையில் கோட்டை விட்டால் அவ்வளவுதான், மோட்டார் புகைந்துவிடும். நம் காயில்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு சுற்றைக்கூட விட்டதில்லை. யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் வாய் பதில் சொல்லும். மனசு அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன்.

சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கி எடுத்தால், காயும்வரை சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் முக்கோண ஆட்டம். காகிதத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு, அதற்கும் கீழே மூன்று என்று வைத்துக்கொண்டே போவார்கள். ஆளுக்கு ஒரு கோடாகப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது கோடு போட்டு முக்கோணத்தை மூடுகிறவருக்கு அந்த இடம் சொந்தம். தன் எழுத்தை உள்ளே போட்டுவிட்டு இன்னொரு கோடும் இழுக்கலாம். பட்டறையில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். அதனால் எதிராளி தன்னை எப்படிக் கூப்பிடுகிறாரோ அதன் முதல் எழுத்தைத்தான் போட வேண்டும் என்று ஒரு வழக்கம். இந்த ஆட்டத்தில் காயில்காரரை ஜெயித்தவர் பட்டறையில் யாரும் இல்லை.

அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, லீவும் முடிந்தது. பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? மனைவி போனபிறகு, பட்டறையை ஒட்டி வெறிச்சென்று கிடந்த வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்காதா என்று இவர் ஏங்கினார். அடுத்த தெருவில் தனியாகத் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அதே ஏக்கம்.

“வார்னிஷ் நாத்தத்துல பச்சப்புள்ளைய எப்படி வச்சுப்பீங்க, சம்பந்தி?”

“உங்க வீட்ல கால் வச்ச இடமெல்லாம் ஊசி குத்துதே, சம்பந்தியம்மா.”

“நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நடுவுல எங்கள இழுக்காதீங்க” என்று மகள் கழன்றுகொண்டாள்.

“ஆடித் தீர்த்துக்கலாமா?” என்றார் காயில்காரர், பேத்தி ஏற்கெனவே தன் மடிக்கு வந்துவிட்ட நினைப்பில்.

சம்பந்தியம்மா வீட்டுத் துணி வெட்டும் மேஜையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியது. ஒரு விரக்கடைத் துணியைக்கூட வீணாக்காமல் வெட்டுகிற அம்மாளுக்கு முக்கோணம் பிடிபட எவ்வளவு நேரமாகும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவரும் ஆடினார்கள். ஒரு மூலையை அந்த அம்மாள் வளைத்துப்போட, மறு மூலையை இவர் அள்ளினார்.

கடைசி முக்கோணத்தை மூடிய வேகத்தில் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த காயில்காரர், தையல் மிஷினுக்கடியில் ஒரு காந்தத்தைப் பார்த்தார். போன வாரம் “எதுக்குன்னு கேக்காதீங்க” என்று சொல்லி அந்த அம்மாள் அவரிடம் வாங்கிப்போனது. கயிறு கட்டியிருந்தது. அதில் ஊசியும் குண்டூசியுமாக அப்பிக்கிடந்தன. பேத்தி தவழப்போகும் தரையை அந்த முட்டி வலிக்காரி இழுத்து இழுத்துத் துழாவியிருக்கிறாள். காந்தத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எண்ணுங்க சம்பந்தி” என்றாள் அவள்.

அப்போதுதான் இருவரும் காகிதத்தைச் சரியாகப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ச. அவள் சம்பந்தி என்று கூப்பிடுவதால் இவர் போட்டதும் ச, இவர் சம்பந்தியம்மா என்று கூப்பிடுவதால் அவள் போட்டதும் ச. இருவரும் விழுந்து விழுந்து சிரித்த சத்தத்தில், உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டு தானும் சிரித்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மகள் வந்தாள். “யாருப்பா ஜெயிச்சது?”

“தெரியலம்மா. எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

“நீங்களா? எண்ணிக்கைய விட்டீங்களா?” மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காபி போட உள்ளே போனாள். குழந்தை சம்பந்தியம்மாவின் தோளுக்கு மாறியது.

“நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள் சம்பந்தியம்மா மெதுவாக. “உங்களுக்குத்தான் முக்கோணம் கூட.”

அவர் பென்சிலைச் சீவினார்.

“சரி, காலைல இங்க, மத்தியானம் அங்க. ஆனா மொதல்ல அந்த வார்னிஷ் தொட்டியக் கொல்லைப்பக்கம் மாத்துங்க.”

“முந்தாநாளே மாத்திட்டேன், சம்பந்தியம்மா.”