டீச்சர் சொன்ன மடி

மகளை ஓவிய வகுப்பில் சேர்ப்பதில் எனக்குத் துளியும் விருப்பம் இல்லை. சனிக்கிழமை மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தோசைக்கு மாவு அரைத்துக் கொடுப்பவள் நான். சனிக்கிழமை மாலை எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கிரைண்டரை நிறுத்திவிட்டுப் படம் போடக் கூட்டிக்கொண்டு போவதாவது என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறையில் இருப்பவர். இரைச்சலிலேயே இருந்து பழகியதால் என் கத்தல் அவர் காதில் ஏறாது. "ஸ்கூல் டீச்சர் சொல்லுதாங்கல்லா, கூட்டிட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்.

பள்ளி டீச்சர் சொன்னது இதுதான்: பிள்ளை கொஞ்ச நாளாக வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஆனால் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கப் படம் வரைந்து வைக்கிறாள். சும்மா சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்பிப் பாருங்கள். பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். காரணம் நான்தான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒன்பது வயது மகள் மலையாளம் எழுதுவாள், படிப்பாள். நான் மாவு விற்கிற அளவுக்குப் பேசுவேன், அதிலேயே எனக்குக் கர்வம் உண்டு. ஒரு நாள் மாவு வாங்க வந்த பெண்கள் என் ஊர் எது என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் ஊர்ப் பெயரின் முன்பாதியை விழுங்கிவிட்டு வெறும் 'பட்டி' என்றே சொல்வோம். கூடவே எனக்கும் மலையாளம் தெரியும் என்று காட்ட வேண்டாமா? "ஞான் பட்டியாணு" என்றேன். நான் ஒரு நாய் என்று மலையாளத்தில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நின்ற மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோர் முன்னாலும் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அன்றோடு அவள் என் பக்கத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். தலை பின்னக் கூப்பிட்டால் தானே கோணல்மாணலாகப் பின்னிக்கொள்வாள். எதைக் கேட்டாலும் மலையாளத்தில் ஒற்றைச் சொல்லில் பதில். தெரியாமல் என் கை பட்டால்கூடத் தோளைச் சுருக்கிக்கொள்வாள். இரண்டு மாதம் இப்படியே போனது. பிள்ளை கையை விட்டுப் போய்விட்டாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தையும் அவள் மேல் எரிந்து விழுந்துதான் காட்டினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஓவிய வகுப்பு பழைய கிட்டங்கி ஒன்றின் மாடியில் நடந்தது. எப்போதோ சுக்கு மூட்டை அடுக்கிய இடம். படி ஏறும்போதே தும்மல் வரும். முதல் இரண்டு வாரம் அவளை வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். மூன்றாவது வாரம் அழைத்துவரப் போனபோது, ஓவிய டீச்சர் என்னை நிறுத்தினார். என்னைவிட வயது குறைந்தவர், எப்போதும் விரலில் சாயம் ஒட்டியிருக்கும். தாழ்ந்த குரலில் சொன்னார்: "சேச்சீ, மோள்க்கு வரய்க்கான் பயங்கர மடியா, கேட்டோ."

எனக்குப் புரிந்தது இவ்வளவு: வரைவதற்கு மகளுக்கு மடி வேண்டுமாம். அதுவும் பயங்கரமாக வேண்டுமாம்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் வயிறு எரிந்தது. பெற்றவளின் கை பட்டால் சுருங்குகிறவள், ஊரார் வீட்டுப் பெண்ணிடம் மடி கேட்கிறாளா? என் மடியில் என்ன முள்ளா இருக்கிறது? அந்த வாரம் முழுவதும் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து இதையே அரைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வாக்கில் கோபம் வடிந்து வேறொன்று தோன்றியது. யாரிடமோ கேட்டாலும், மடி வேண்டும் என்றுதானே கேட்டிருக்கிறாள். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைத் தந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை நான் வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம் பிடித்துச் சம்மணம் போட்டேன். சேலையைச் சரிசெய்துகொண்டு, தொடையைத் தட்டி, "ஏட்டி, இங்க வா. வந்து மடியில உக்காந்து வரை" என்றேன்.

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, இவளுக்கு மடி வேணும்னு" என்று அவரிடம் சத்தமாகவே சொன்னேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. மகள் கையில் பென்சிலோடு நின்றபடி என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து என் மடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டீச்சறே, எனிக்கு அம்மேட மடியில் இருந்நு வரய்க்கணம்" என்றாள். அம்மா மடியில் உட்கார்ந்துதான் வரையணுமாம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

ஒன்பது வயதுப் பிள்ளை நல்ல கனம். ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிட்டது. அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற எதையாவது வரையச் சொல்லியிருந்தார்கள். அவள் தெருவில் அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டை வரைந்தாள். காற்றில் தாள் பறந்தபோது, "அம்மா, பிடி" என்றாள். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் தமிழ். பிடித்தேன். சாயத்தில் தண்ணீர் கூடிவிட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மாவுப் பதம் தெரிந்தவளுக்குச் சாயப் பதமா தெரியாது? ஆட்டின் வாலுக்கு நானே சாயம் தீட்டினேன். அதுவரை தூரிகையைத் தொட்டதே இல்லை. வால் கொஞ்சம் தடித்துவிட்டது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் உள்ளே போனேன். மாவை வெள்ளிக்கிழமையே பாதி அரைத்து வைக்கப் பழகினேன். வேறு இரண்டு அம்மாக்களும் வந்து பாயில் உட்காரத் தொடங்கினார்கள். மகள் தலையைப் பின்னிவிட மறுபடி என்னிடம் கொடுத்தாள். பள்ளியில் பாட்டுப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

ஒரு காலை, மாவு வாங்க வந்த பெண் தன் புருஷனைப் பற்றிச் சலித்துக்கொண்டார். மார்க்கெட்டுக்குப் போக அவருக்குப் பயங்கர மடியாம். ஐம்பது வயது மனுஷனுக்கு மார்க்கெட்டுக்குப் போக மடி எதற்கு? கேட்டே விட்டேன். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். மடி என்றால் சோம்பல், எதையும் செய்ய மனம் வராத தயக்கம். பழைய தமிழிலும் அந்தப் பொருள் உண்டு, பள்ளியில் நானும் படித்ததுதான், பரீட்சையோடு போய்விட்டது. டீச்சர் அன்று சொன்னது, மகளுக்கு வரைய மனமே வரவில்லை என்பதைத்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகளைக் கேட்டேன். "டீச்சர் மடின்னு சொன்னதுக்கு அர்த்தம் உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்து உக்காந்தே?"

பையிலிருந்து நோட்டை எடுத்தபடி சொன்னாள். "இல்லன்னா எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிச்சுருவாங்கல்லா."

பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டி என்று சொன்ன அன்றைக்கு அடித்தது தப்பு என்று சொன்னேன். அவள் நோட்டை மூடி வைத்தாள்.

"சரி. இனிமே அடிக்காதே" என்றாள்.

அடித்ததில்லை. கை ஓங்கியது ஒரு தடவை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அதை இறக்கிக்கொண்டதும் நான்தான்.